ஆழ்கடலில் தன் இடம் அறிதல்

அந்தமானின் தலைநகரில், 2024-ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியிருப்பினும் பழகிய நாவுக்கு இன்னும் போர்ட் பிளேராகவே இருக்கும் அந்த ஊரில், லம்பா லைன் என்னும் குடியிருப்புப் பகுதியை ஒட்டி நீண்ட விமான ஓடுதளம் ஒன்று கிடக்கிறது. பயணிகள் விமானங்களும் கடற்படையின் உத்குரோஷ் தளமும் அதைப் பகிர்ந்துகொள்கின்றன. 2016-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள் காலையில், சென்னையை அடுத்த தாம்பரத்திலிருந்து 29 பேரை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட விமானப்படையின் ஏஎன்-32 ரக விமானம் நண்பகலுக்கு முன் அங்கே வந்து இறங்கியிருக்கவேண்டும். ஆனால் புறப்பட்டு ஒரு மணி நேரம் ஆவதற்குள் வங்காள விரிகுடாவின் மேல் அதனுடன் இருந்த தொடர்பு அறுந்துவிட்டது. கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் கடலைத் துழாவியும் ஒரு தடயமும் அகப்படவில்லை. வீட்டு வாசலில் காத்திருந்தவர்களுக்கு ஏழரை ஆண்டுகள் கழித்து, 2024-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள்தான் பாதுகாப்பு அமைச்சகத்தின் அறிவிப்பு வந்தது. சென்னைக் கடற்கரையிலிருந்து சுமார் 140 கடல் மைல் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில், விமானமொன்றின் சிதைவுகள் கடற்படுகையில் கிடப்பதைக் கண்டதாகவும், அவை ஏஎன்-32 விமானத்துடன் ஒத்திருப்பதாகவும் அது கூறியது.

கண்டது மனிதக் கண் அன்று. சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் நார்வேயிலிருந்து வாங்கிய, ஓஎம்இ 6000 என்ற பெயருடைய, கயிறோ கம்பியோ இல்லாமல் தானாகவே நீந்திச் செல்லும் நீரடி ஊர்தி அது. 6,000 மீட்டர் ஆழம் வரை செல்லவல்லது. கடற்படுகையைப் படமெடுப்பது அதன் வேலை. அதைவிடக் கடினமான வேலை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் அதிகமாகப் பேசுவதில்லை. தான் எடுக்கும் ஒவ்வொரு படமும் பூமியின் எந்த இடத்துக்கு உரியது என்று அந்த ஊர்தி சொல்லியாகவேண்டும். இடம் தெரியாத படம், எத்துணைத் தெளிவாக இருப்பினும், மீண்டும் அங்கே போக வழிகாட்டாது. தேடி முடித்த பரப்பு எது, தேடாமல் விடுபட்ட பரப்பு எது என்றும் சொல்லாது. அப்படியானால், 3,400 மீட்டர் நீருக்கு அடியில், சூரிய வெளிச்சம் ஒரு துளியும் எட்டாத இருளில், அந்த யந்திரம் தன் இடத்தை எவ்வாறு அறிந்தது?

லம்பா லைன் தெருவில் நடந்துபோகும் ஒருவர் தம் கைப்பேசியை எடுத்துப் பார்த்தால், தாம் நிற்கும் இடத்தில் நீலப் புள்ளி ஒன்று தெரியும். ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் வானொலி அலைகளால் அது கிடைக்கிறது. அதே அலைகளுக்குக் கடல்நீர் ஒரு சுவர். உப்பு கரைந்த நீர் மின்சாரத்தைக் கடத்தும் பொருளாகையால், அவ்வலைகள் அதற்குள் ஒரு சாண் ஆழம்கூட ஊடுருவுவதில்லை. ஊர்தி தானே விளக்கேற்றினாலும் வெளிச்சம் சில பத்து மீட்டருக்குள் மங்கிவிடுகிறது. கண்ணால் பார்த்து அடையாளம் காணலாம் என்றாலோ, கங்கையும் பிரம்மபுத்திராவும் யுகயுகமாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல் வங்காள விரிகுடாவின் அடித்தளத்தைப் பெரும்பாலும் தட்டையான சேற்றுவெளியாக ஆக்கி வைத்திருக்கிறது. ஓரிடத்துக்கும் மற்றோரிடத்துக்கும் வேற்றுமை காண்பதே அரிது.

இந்த நிலைமையை நாம் எல்லோரும் சிறிய அளவில் அனுபவித்திருக்கிறோம். நள்ளிரவில் மின்சாரம் போய்விடுகிறது. தீப்பெட்டி சமையலறையில் இருக்கிறது. படுக்கையை விட்டு எழுந்து, நேரே நாலடி, இடப்பக்கம் திரும்பி ஆறடி என்று மனத்துக்குள் கணக்கிட்டபடி நடக்கிறோம். ஒவ்வோர் அடிக்கும் நம் உறுதி சற்றே குறைகிறது. அது குறையக் குறையக் கையை முன்னே நீட்டுகிறோம். கை நிலைக்கதவைத் தொட்டதும், ‘இன்னும் ஓரடி இருக்கும் என்று நினைத்தேன், வந்துவிட்டதே’ என்று கணக்கைத் திருத்திக்கொண்டு மேலே நடக்கிறோம். நடையைக் கொண்டு ஊகிப்பது ஒன்று. வெளிப்பொருளைத் தொட்டுத் திருத்துவது மற்றொன்று. எந்த இடத்தில் எவ்வளவு ஐயப்படவேண்டும் என்று உள்ளூர அறிந்திருப்பது மூன்றாவது. நம் பழைய தர்க்க நூலார் அனுமானம் என்றும் பிரத்தியட்சம் என்றும் பிரித்த இரண்டு பிரமாணங்களும் அந்த நடையில் கைகோத்துச் செல்கின்றன. நகரும் யந்திரங்களில் பல உணரிகளின் கூற்றுகளை ஒன்றுசேர்த்து இடத்தையும் வேகத்தையும் மதிப்பிடும் கலைக்கு ‘உணரி இணைவு’ என்று பெயரிடலாம். அதன் உயிர்நிலை மூன்றாவதாகச் சொன்ன அந்த ஐயத்தின் அளவில் இருக்கிறது என்பதே நான் இங்கே சொல்ல விரும்புவது.

முதலில் நடைக் கணக்கைப் பார்ப்போம். மனிதனின் உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்கள் தலையின் சுழற்சியையும், நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் நேர்கோட்டு அசைவின் மாற்றத்தையும் உணர்த்துகின்றன. ஊர்தியின் வயிற்றிலும் இவ்விரு தொழிலுக்கும் உரிய கருவிகள் உண்டு: வேகம் மாறும் அளவைக் காட்டுவது முடுக்கமானி; திரும்பும் அளவைக் காட்டுவது ஜைரோஸ்கோப். உயர்தரமான ஜைரோஸ்கோப்பில் சுழலும் சக்கரம் எதுவும் இல்லை. ஒரு சுற்றுப்பாதையில் இரண்டு ஒளிக்கற்றைகள் எதிரெதிர்த் திசைகளில் ஓடுகின்றன. பாதையே திரும்பும்போது ஒரு கற்றைக்கு வழி சற்றே நீள்கிறது, மற்றதற்குச் சற்றே குறைகிறது. அந்த வேற்றுமையே திருப்பத்தின் அளவு. 1913-இல் பிரெஞ்சு விஞ்ஞானி சாக்னாக் கண்டுகாட்டிய விளைவு இது. இதன் நுண்மை எத்தகையது எனில், மணிக்கு 15 பாகையாகப் பூமி தன்னைத் தானே சுற்றும் அசைவைக்கூட இது உணர்ந்துவிடுகிறது. அதைக் கொண்டு, காந்த ஊசியின் உதவி இல்லாமலேயே வடதிசை எது என்று சொல்லிவிடுகிறது. எனக்கு இதைப் படிக்கும்தோறும் வியப்பு அடங்குவதில்லை.

சடத்துவம் என்றும், இக்காலப் பாடநூல்களில் நிலைமம் என்றும் வழங்கும் பண்பை ஆதாரமாகக் கொண்ட இந்த வழிகாட்டிக்கு வெளியுலகின் தயவு சிறிதும் தேவையில்லை. அதுவே அதன் பலம், அதுவே பலவீனமும். முடுக்கத்தைக் கூட்டிக் கூட்டி வேகத்தை அடைந்து, வேகத்தைக் கூட்டிக் கூட்டித் தூரத்தை அடைவதால், தொடக்கத்தில் இருக்கும் அற்பப் பிழையும் இருமுறை கூட்டப்படுகிறது. புவியீர்ப்பு முடுக்கத்தில் இலட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு முடுக்கமானி தவறிக் காட்டுவதாக வைத்துக்கொண்டால், ஒரு நிமிடத்தில் நேரும் இடப்பிழை சுமார் 18 சென்டிமீட்டர்தான். ஆனால் 10 நிமிடத்தில் அது 180 சென்டிமீட்டர் ஆவதில்லை, ஏறத்தாழ 18 மீட்டர் ஆகிறது. காலம் பத்து மடங்கு, பிழை நூறு மடங்கு. கடலடியில் பல மணி நேரம் உழலவேண்டிய ஊர்தியைத் தனியாக இந்தக் கருவியின் கையில் ஒப்படைக்க முடியாது என்பது இதனால் விளங்கும்.

ஆகவே வேகத்தை நேரடியாக அளக்கும் கருவி ஒன்று துணைக்கு வருகிறது. நகரும் பொருளிலிருந்து வரும் அலையின் அதிர்வெண் மாறித் தோன்றும் என்று 1842-இல் பிராக் நகரில் டாப்ளர் சொன்னார். அதைச் சோதிக்க, 1845-இல் ஹாலந்து தேசத்தின் உட்ரெக்ட் நகருக்கு அருகில் பைஸ் பாலட் என்னும் விஞ்ஞானி ரயிலில் எக்காள வாத்தியக்காரர்களை ஏற்றி ஊதச்செய்து, தண்டவாளத்தின் ஓரத்தில் சுருதி பிசகாமல் கேட்கும் காதுடைய இசைவாணர்களை நிறுத்திவைத்து, வரும்போது சுருதி ஏறுவதையும் போகும்போது இறங்குவதையும் நிச்சயித்தார். அந்த உண்மையே இன்று கடலடியில் வேலை செய்கிறது. டாப்ளர் வேகமானி நான்கு ஒலிக்கற்றைகளைச் சாய்வாகக் கடற்படுகையை நோக்கி அனுப்பி, மோதித் திரும்பும் ஒலியின் சுருதி மாற்றத்திலிருந்து, ஊர்தி முன்னே எவ்வளவு வேகமாகப் போகிறது, பக்கவாட்டில் எவ்வளவு இழுபடுகிறது என்று சொல்கிறது. வேகம் கிடைத்துவிட்டால் ஒரே முறை கூட்டினால் போதும். பிழை வெகு மெதுவாக வளரும். ஆனால் படுகை சில நூறு மீட்டருக்குள் இருந்தால்தான் இவ்வொலி எட்டும். கப்பலிலிருந்து இறக்கிவிடப்பட்ட ஊர்தி, அடித்தளம் நெருங்கும் வரையில், நடுக்கடலில் மேலும் தெரியாமல் கீழும் தெரியாமல் நீரோட்டத்தில் மிதந்து செல்லும் அந்த நீண்ட இறக்கத்தில் இக்கருவி மௌனமாகிவிடுகிறது. ஆழம் மட்டும் எப்போதும் நம்பகமாகத் தெரியும். பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டலம் என்ற கணக்கில் ஏறும் நீரழுத்தம் அதைக் காட்டிவிடும்.

மேலே இருக்கும் கப்பலுக்கு ஜிபிஎஸ் உண்டு. கப்பல் ஓர் ஒலித்துடிப்பை அனுப்புகிறது. ஊர்தி அதைக் கேட்டு மறுமொழி கொடுக்கிறது. போய்வந்த காலத்திலிருந்து தூரமும், கப்பலின் அடியில் நெருக்கமாகப் பொருத்திய பல செவிகளை மறுமொழி எட்டும் நுண்ணிய கால வேற்றுமையிலிருந்து திசையும் கிடைக்கின்றன. கடலில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்வதால், 3,400 மீட்டர் ஆழத்துக்குப் போய்வர நாலரை நொடி ஆகிறது. அதற்குள் கப்பல் அலையில் ஆடியிருக்கும், ஊர்தி நகர்ந்திருக்கும். வெப்பமும் உப்பும் அழுத்தமும் அடுக்குக்கு அடுக்கு மாறுவதால் ஒலி நேர்கோட்டில் செல்லாமல் வளைகிறது. இவ்வளவு ஆழத்தில் இந்த முறையால் அறியும் இடம் பல மீட்டர் முன்பின்னாக இருப்பது இயல்பு. ஆயினும் இதற்கு ஒரு பெரிய குணம் உண்டு. இதன் பிழை காலத்தோடு வளர்வதில்லை. பத்தாவது மணியில் சொல்வதும் முதல் மணியில் சொல்வதும் ஒரே தரத்தவை.

இப்போது பாருங்கள்: ஒன்று நொடிக்கு நொடி மிக நுட்பமாகப் பேசுகிறது, ஆனால் நாழிகை செல்லச் செல்லத் தடம் மாறுகிறது, மற்றொன்று எப்போதாவது தடுமாற்றத்தோடு பேசுகிறது, ஆனால் ஒருபோதும் வெகுதூரம் விலகுவதில்லை. குறைகள் வெவ்வேறு ஜாதியாக இருப்பதே நமக்குக் கிடைத்த நல்லூழ். இரண்டையும் எந்த விகிதத்தில் கலப்பது என்பதற்கான விதியை ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ருடால்ஃப் கால்மன் 1960-இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். அவருடைய முறை இன்று ‘கால்மன் வடிகட்டி’ எனப்படுகிறது. நாசாவின் ஏம்ஸ் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஸ்டான்லி ஷ்மிட் அதன் அருமையை உணர்ந்து, சந்திரனை நோக்கிய அப்போலோ பயணத்தின் வழிகாட்டலுக்குப் பொருத்தினார்.

அதன் சூட்சுமத்தை எண்களாலேயே சொல்லிவிடலாம். புறப்பட்ட இடத்திலிருந்து 400 மீட்டர் கிழக்கே வந்திருக்கிறேன் என்று ஊர்தியின் சொந்தக் கணக்கு சொல்கிறது. அதன் ஐயம் 3 மீட்டர். இல்லை, 412 மீட்டர் என்கிறது கப்பல். அதன் ஐயம் 9 மீட்டர். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி 406 என்பது நியாயமாகத் தோன்றலாம். ஆனால் மூன்று மடங்கு ஐயமுள்ள கூற்றுக்குச் சம மதிப்புக் கொடுப்பது எப்படி நியாயமாகும்? ஐயத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழாக மதிப்புக் கொடுக்கவேண்டும் என்பது கணிதம் தரும் தீர்ப்பு; அதன்படி சொந்தக் கணக்குக்கு ஒன்பது பங்கும் கப்பலுக்கு ஒரு பங்குமாகச் சேர்த்தால் விடை 401.2 மீட்டர். சேர்த்த பின் எஞ்சும் ஐயம் ஏறத்தாழ 2.8 மீட்டர். சிறந்த கூற்றின் ஐயத்தைவிடவும் அது குறைவு என்பதைக் கவனிக்கவேண்டும். மட்டமான கூற்றும் அளவறிந்து சேர்க்கப்பட்டால் நன்மையே செய்கிறது. இனி, டாப்ளர் வேகமானி நெடுநேரம் மௌனமாயிருந்து, சொந்தக் கணக்கின் ஐயம் 27 மீட்டராகப் பெருகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதே 400-உம் அதே 412-உம் வந்தால், இப்போது விடை 410.8. உணரிகள் சொன்ன எண்கள் மாறவில்லை; தன்னைப் பற்றி ஊர்தி கொண்டிருந்த ஐயம் மாறியது, அதனால் முடிவு மாறியது.

இதற்கும் மேலே ஒரு நயம் இருக்கிறது. ஊர்தியின் திசைக்கணக்கில் ஒரு பாகை பிழை இருந்தால், கிலோமீட்டர் தோறும் அது 17 மீட்டர் பக்கவாட்டில் விலகும். கப்பலின் சொல்லுக்கும் சொந்தக் கணக்குக்கும் இடையிலான விலகல் எப்போதும் ஒரே பக்கமாக, தூரத்துக்கு ஏற்றபடி வளர்ந்துவந்தால், குற்றம் திசையில்தான் இருக்கவேண்டும் என்று கால்மன் வடிகட்டி கண்டுகொள்கிறது. இடப்பிழையும் திசைப்பிழையும் எவ்வாறு சேர்ந்து மாறும் என்ற ‘உடன்மாறுபாட்டை’ அது கணக்கில் வைத்திருப்பதே இதற்குக் காரணம். இடத்தை மட்டும் திருத்துவதோடு நில்லாமல் ஜைரோஸ்கோப்பின் குணதோஷத்தையும் அது கற்றுக்கொண்டுவிடுகிறது. யாரும் நேரே அளக்காத ஒன்றை, அளந்தவற்றின் பொருத்தமின்மையிலிருந்து தெரிந்துகொள்வது எவ்வளவு பெரிய காரியம்!

ஆனால் எச்சரிக்கை ஒன்று வேண்டும். பல கூற்றுகள் சேர்ந்தால் ஐயம் குறையும் என்பது, அவை ஒன்றையொன்று சாராதவையாக இருக்கும்போது மட்டுமே உண்மை. அன்றைய கடலில் ஒலியின் வேகத்தைத் தவறாகக் கணித்திருந்தால், கப்பல் நூறு முறை அளந்தாலும் நூறும் ஒரே பக்கம் பிசகும். அவற்றின் சராசரி உறுதியான பொய்யாகிவிடும். வானிலிருந்து வரும் சைகைகளுக்கும் இதே நோய் உண்டு. நிலநடுக்கோட்டுப் பகுதியின் மேலுள்ள அயனமண்டலம் செயற்கைக்கோள் அலைகளைத் தாமதப்படுத்தும்போது, ஒரு வட்டாரத்தின் எல்லாக் கருவிகளும் சேர்ந்தே ஏமாறுகின்றன. இஸ்ரோவும் இந்திய விமான நிலையங்கள் ஆணையமும் சேர்ந்து அமைத்த ‘ககன்’ திட்டம் இதற்குச் செய்த பரிகாரம் எளியது: இடம் துல்லியமாகத் தெரிந்த நிலையங்களில் கருவிகளை வைத்து, செயற்கைக்கோளுக்குச் சைகை காட்டும் தூரத்துக்கும் உண்மைத் தூரத்துக்கும் உள்ள வேற்றுமையை அளந்து, அத்திருத்தத்தை விமானங்களுக்கு அறிவிப்பது. நாடெங்கும் பரவிய அத்தகைய 15 நிலையங்களில் ஒன்று போர்ட் பிளேரில் இருக்கிறது. ஆழ்கடல் மாலுமிகளும் இதையொத்த காரியத்தையே செய்கிறார்கள். ஊர்தியை இறக்குமுன் ஒரு கருவியை நீரில் விட்டு, அடுக்கடுக்காக ஒலிவேகத்தை அளந்துகொள்கிறார்கள்.

கடலுக்கு மட்டும் உரிய வித்தை அன்று இது. விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3 பயணத்தில், 2023 ஆகஸ்டு 23-ஆம் நாள் நிலவில் இறங்கிய விக்ரம் கலமும் ஒளிவழி ஜைரோஸ்கோப்புகள், முடுக்கமானிகள், லேசர் டாப்ளர் வேகமானி, உயரமானிகள், தரையைப் பார்த்துப் பக்கவாட்டு வேகத்தைக் கணிக்கும் காமிரா ஆகியவற்றின் கூற்றுகளைச் சேர்த்தே தன்னைத் தாழ்த்திக்கொண்டது.

கடைசியாக, ஊர்தி செய்த கணக்கு சரிதான் என்று நாம் எவ்வாறு அறிகிறோம்? கடலடியில் அளவுகோல் போட்டுப் பார்த்தவர் யாருமில்லை. முதற் சோதனை ஒவ்வொரு அளவீட்டின்போதும் தானாகவே நடக்கிறது. புதிய செய்தி வருமுன், அது இன்னதாக இருக்கவேண்டும் என்று யந்திரம் எதிர்பார்க்கிறது. வந்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வேற்றுமை, தான் சொல்லிக்கொண்ட ஐயத்தின் எல்லைக்குள் பெரும்பாலும் அடங்குகிறதா என்று பார்க்கிறது. அடங்காமல் துள்ளும் ஒற்றைச் செய்தியை, எங்கோ மோதி எதிரொலித்து வந்த ஒலி என்று ஒதுக்கிவிடுகிறது. தொடர்ந்து பல செய்திகள் அடங்காவிட்டால், தன் ஐயத்தையே அது குறைத்து மதிப்பிட்டிருக்கிறது என்று பொருள். இரண்டாவது சோதனை, இணைகோடுகளாக முன்னும் பின்னும் செல்லும் ஊர்தி அடுத்தடுத்த கோடுகளில் ஒரே பொருளை இருமுறை காண்பது. இரு காட்சிகளிலும் அப்பொருள் ஒரே இடத்தில் விழவேண்டும். விலகி விழுந்தால் அந்த விலகலே பிழையின் அளவு.

மூன்றாவது சோதனையே எனக்கு மிகவும் பிடித்தமானது. விமானத்தைத் தேடியபோது ஒலியால் துழாவும் பல கற்றைச் சோனாரும் உயர்நுட்பப் புகைப்படமும் தவிர, ‘செயற்கைத் துவாரச் சோனார்’ என்னும் கருவியும் பயன்பட்டதாக அமைச்சகத்தின் அறிவிப்பு கூறுகிறது. ஊர்தி நகர்ந்து செல்லச் செல்லப் பல இடங்களிலிருந்து அனுப்பிய ஒலித்துடிப்புகளின் எதிரொலிகளை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, ஊர்தியின் நீளத்தைவிடப் பெரிய ஒரே செவி கேட்டாற்போன்ற நுட்பமான படத்தை அது உண்டாக்குகிறது. அவ்வொலியின் அலைநீளமே இரண்டு சென்டிமீட்டர் அளவுதான். ஆகவே அந்தச் சில நொடிகளில் ஊர்தி எவ்வாறு அசைந்தது என்பது சில மில்லிமீட்டருக்குள் தெரிந்திருந்தாலன்றி எதிரொலிகள் பொருந்தமாட்டா, படம் கலங்கிவிடும். தெளிவான படம் வந்ததென்றால், அந்நேரத்து அசைவை யந்திரம் சரியாக மதிப்பிட்டது என்பதற்கு அப்படமே அத்தாட்சி. அடுத்தடுத்த துடிப்புகளில் ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதிகளை ஒப்பிட்டு அசைவைக் கணிப்பதும் உண்டு. அப்போது படக்கருவியே இன்னோர் உணரியாகிவிடுகிறது.

ஊர்தி மேலே வந்த பிறகும் கணக்கு முடிவதில்லை. ஓடும்போது அதற்குக் கடந்த காலம் மட்டுமே தெரியும். கப்பலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கோ முழுப் பயணமும் கையில் இருக்கிறது. முடிவிலிருந்து தொடக்கத்தை நோக்கிப் பின்னோக்கிக் கணக்கிடும் முறையை ரௌச், டங், ஸ்டிரீபல் என்ற மூவர் 1965-இல் வகுத்தார்கள். நாலாவது மணியில் கிடைத்த நல்ல செய்தி இரண்டாவது மணியின் ஐயத்தைத் தீர்த்துவைக்க அது இடமளிக்கிறது. அவ்வாறு திருத்தி முடித்த வரைபடத்தில் ஒவ்வொரு பொருளும் ஒரு புள்ளியாக மட்டும் குறிக்கப்படுவதில்லை. அப்புள்ளியைச் சுற்றி ஐயத்தின் எல்லையைக் காட்டும் வட்டம் ஒன்றும் சேர்ந்தே இருக்கிறது. அந்த இடத்துக்கு மறுபடி செல்லும் கப்பல், காமிரா பொருத்திய ஊர்தியை இறக்கும்போது, விரிகுடாவைத் துழாவவேண்டியதில்லை. அவ்வட்டத்துக்குள் மட்டும் தேடினால் போதும்.